களி மாதிரிதான் இருந்தது: மலாவிக் கிராமத்தில் ஒரு தன்னார்வலரின் முதல் பத்து மாதங்கள்

வந்து சேர்ந்த மறுநாள் விடியற்காலை வாசலில் ஒரு பெண்குரல், "ஓடி! ஓடி!" என்றது. யாருக்கோ அடிபட்டுவிட்டது, என்னை ஓடிவரச் சொல்கிறார்கள் என்று தூக்கக் கலக்கத்தில் நினைத்துக்கொண்டு வெளியே ஓடினேன். பக்கத்து வீட்டு அம்மா தலையில் தண்ணீர் வாளியோடு அமைதியாக நின்றிருந்தார். சிச்சேவா மொழியில் 'ஓடி' என்றால் 'உள்ளே வரலாமா' என்று அர்த்தம். வாசலில் நின்று குரல் கொடுப்பார்கள். வீட்டுக்காரர் 'ஓடினி' என்றால் வரலாம்.

அன்றைக்குச் சிரித்துவிட்டு மறந்துவிட்டேன். இப்போது அந்தப் பத்து மாத நாட்குறிப்பையும் செலவுக் கணக்கு நோட்டையும் எடுத்து வைத்துப் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. எனக்குச் சுத்தமாகத் தெரியாத விஷயங்கள் எதிலும் நான் பெரிதாகத் தடுமாறவில்லை, கேட்டுக் கற்றுக்கொண்டேன். ஏற்கனவே தெரிந்ததுபோலத் தோன்றியவைதான் காலை வாரிவிட்டன.

ஆளும் இடமும்

ஒரு தன்னார்வலருக்கு நேர்ந்த பண்பாட்டு அதிர்ச்சியை அலசும் ஆய்வு இது, அதன் நபர் நானேதான். அப்போது வயது 31, கணித ஆசிரியை, சொந்த ஊர் தர்மபுரி மாவட்டத்தில் சேலத்தை ஒட்டிய ஒரு கிராமம். 2012 செப்டம்பரில், அங்கே பள்ளி ஆண்டு தொடங்கும் சமயத்தில் போய்ச் சேர்ந்தேன். அனுப்பிய அமைப்பின் பெயரும் பள்ளியின் பெயரும் இங்கே தேவையில்லை.

இடம், ஆப்பிரிக்க நாடான மலாவியின் மத்தியப் பகுதியில் தலைநகர் லிலோங்வேக்கு வடக்கே இருக்கும் டோவா மாவட்டம். சிச்சேவா பேசும் சேவா இன மக்களின் ஊர். பள்ளி, 'கம்யூனிட்டி டே செகண்டரி ஸ்கூல்' வகையைச் சேர்ந்தது. தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்து அரசு விடுதிப் பள்ளிகளில் இடம் கிடைத்தவர்கள் போக, மீதிப் பிள்ளைகள் நடந்து வந்து படிக்கும் மேல்நிலைப் பள்ளி. 1994இல் ஆரம்பக் கல்வி இலவசமானபோது பள்ளியில் சேர்ந்தவர்கள் சுமார் 19 லட்சத்திலிருந்து ஏறக்குறைய 30 லட்சமாக ஒரே தாவலில் உயர்ந்தார்கள். அந்த நெரிசல் பிறகு மேலே ஏறி இந்த மாதிரிப் பள்ளிகளில் வந்து நின்றது. கணக்கு வாத்தியார் கிடைப்பது அரிது. அதனால்தான் நான்.

போவதற்கு முன் கொடுத்த கையேட்டில் 'கடினமாக இருக்கக்கூடியவை' என்று ஒரு பட்டியல் இருந்தது: கையால் சாப்பிடுவது, குத்தவைத்து உட்காரும் கழிப்பறை, வாளித் தண்ணீரில் குளிப்பது, மின்சாரம் இல்லாமல் இருப்பது, அடிகுழாயில் தண்ணீர் பிடிப்பது. படித்துவிட்டுச் சிரித்தேன். அது என் பள்ளிப் பருவத்தின் பட்டியல். 'இது எங்க ஊர்தானே' என்ற தெம்போடு விமானம் ஏறினேன். நோயின் முதல் அறிகுறி அதுதான் என்று இப்போது சொல்வேன்.

முதல் எட்டு வாரம்

ந்சிமா என்பது மக்காச்சோள மாவில் கிண்டுவது. கொதிக்கும் தண்ணீரில் மாவைத் தூவி, கட்டி சேராமல் துடுப்பால் கிண்டி, உருண்டையாக எடுத்து வைப்பார்கள். கேழ்வரகுக் களிக்கு வெள்ளை வேட்டி கட்டிவிட்டது போல இருக்கும். தொட்டுக்கொள்ளப் பூசணி இலையை வேர்க்கடலைப் பொடி போட்டு வதக்கியது, அல்லது ஏரியிலிருந்து வரும் உசிபா என்ற சின்னக் கருவாடு. நம்ம நெத்திலி மாதிரிதான். சாப்பிடுமுன் விருந்தினர் கைக்குச் செம்பால் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ரொட்டி, உருளைக்கிழங்கு என்று எத்தனை தின்றாலும் ந்சிமா உள்ளே போகாத வரை 'இன்னும் சாப்பிடவில்லை' என்கிறார்கள். சோறு இல்லாவிட்டால் அது சாப்பாடா என்று கேட்கிற வீட்டில் வளர்ந்தவளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பக்கத்து வீட்டுப் பெண்மணியை எல்லோரும் 'அமாயி' என்றார்கள். அம்மா என்று பொருள், வயதில் பெரிய பெண்களுக்கு மரியாதைச் சொல்லும் அதுவே. எங்கள் பக்கம் அம்மாவின் அம்மாவை அம்மாயி என்போம். அந்த ஒரு சொல்லிலேயே அவரை எனக்கு உறவாக்கிக்கொண்டேன். அவருக்கு நான் உறவா என்று கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை.

தண்ணீர் பிடிக்கப் போன முதல் நாள் வாளியை இடுப்பில் வைத்துத் தூக்கி வந்தேன். அடிகுழாயில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அங்கே எல்லாமே தலையில்தான். இடுப்பும் முதுகும் குழந்தைக்கு. ஒரு வாரம் ஊர்ச் சிறுமிகள் எல்லாம் இடுப்பை ஒடித்து ஒடித்து என்னைப் போல நடந்து காட்டினார்கள். இந்த மாதிரிச் சிரிப்புகள் நல்லவை. ஒருவரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று ஊர் நினைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அக்டோபரில் முதல் அடி விழுந்தது. தூரத்தில் பறைபோல ஒரு கொட்டுச் சத்தம். முகமூடியும் கந்தல் உடையுமாகச் சிலர் ஆடிக்கொண்டு பாதையில் வந்தார்கள். எங்கள் பக்கம் தெருக்கூத்து நடந்தால் ஒப்பனைப் பந்தலுக்குள் தலையை நுழைத்துப் பார்த்துவிட்டு வருவோம். அதே ஆசையில் முன்னால் போனேன். இரண்டு பெண்கள் என் கையைப் பிடித்து இழுத்துப் புதருக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். வந்தது குலே வம்குலு. சேவா மக்களின் ஞாவு என்னும் இரகசியச் சங்கத்து ஆட்டம். யுனெஸ்கோ 2005இல் மானுட மரபுச் செல்வமாக அறிவித்தது. முகமூடிக்குள் இருப்பவர் அந்த ஊர் மளிகைக்கடைப் பையனாகவே இருக்கலாம், ஆனால் அந்த நேரத்தில் அவர் ஆள் இல்லை. இறந்தவரின் ஆவி, அல்லது காட்டு விலங்கு. சங்கத்தில் சேராதவர்கள் விலகி நிற்க வேண்டும். நான் அதைக் கூத்தாகப் பார்த்தேன். அவர்களுக்கு அது சாமி வந்திறங்குவது. எங்கள் ஊரில் கரகம் இறங்கும்போது ஒரு வெளியூர்க்காரி கேமராவோடு குறுக்கே வந்தால் நாங்கள் என்ன செய்திருப்போம்?

ம்வென்யே

வெள்ளைக்காரத் தன்னார்வலர்களைப் பார்த்து மலாவிக் குழந்தைகள் 'அசுங்கு' என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடுவார்கள். என்னை அப்படிக் கூப்பிடவில்லை. நான் 'ம்வென்யே', இந்தியக்காரி.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் இந்திய வணிகர்கள், பெரும்பாலும் குஜராத்திகள், மலாவியின் சிற்றூர்ச் சந்தைகள் வரை கடை போட்டிருந்தார்கள். 1970-களில் அன்றைய ஜனாதிபதி ஹேஸ்டிங்ஸ் பாண்டாவின் அரசு அவர்களைக் கிராமப்புறத்தை விட்டு வெளியேற்றிப் பெருநகரங்களுக்குள் ஒடுக்கியது. எங்கள் சந்தையிலும் நீளத் திண்ணையும் மரக்கதவுமாக ஒரு பழைய கடைக் கட்டடம் இருந்தது. முதல் மாதம் ஒரு முதியவர் என்னிடம் மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "கடையை எப்போது திறக்கப் போகிறீர்கள்?" நான் ஆசிரியை என்றேன். தலையாட்டினார். அடுத்த வாரம் மறுபடி, "சோப்பு என்ன விலைக்குக் கொடுப்பீர்கள்?"

ம்வென்யே என்றால் பணக்காரர், வேலைக்கு ஆள் வைப்பவர், காசில் கறார். இந்தச் சட்டையை எப்படியாவது கழற்றிவிட வேண்டும் என்ற துடிப்பு எனக்குள் ஏறிக்கொண்டே போனது. அடுத்து நடந்ததற்கு இதுதான் விதை.

ஜனவரி

மலாவிக்கு மழை ஒரே ஒரு பருவம்தான். நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ தொடங்கும், ஏப்ரல் வாக்கில் முடியும். முதல் மழையில் மக்காச்சோளம் விதைத்தால் அறுவடை ஏப்ரல், மே. போன வருடத்து தானியம் டிசம்பர், ஜனவரியில் தீர்ந்துவிடும். வயல் பச்சைப்பசேல் என்று இருக்கும், குதிர் காலியாக இருக்கும். உழைப்பு அதிகம் தேவைப்படும் மாதங்களும் வயிறு காயும் மாதங்களும் ஒன்றே. மலேரியா ஏறும் காலமும் அதுதான்.

அந்த வருடம் கூடுதல் நெருக்கடி. 2012 மே மாதம் அந்நாட்டு நாணயமான குவாச்சாவின் மதிப்பைக் குறைத்தார்கள். ஒரு டாலருக்கு 167ஆக இருந்தது ஒரே நாளில் 250 ஆனது, பிறகும் சரிந்துகொண்டே போனது. மக்காச்சோள விலை வாரா வாரம் ஏறியது. அட்மார்க் என்ற அரசு தானியக் கிடங்கில் சந்தையைவிடக் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள், ஆனால் சரக்கு வந்தால்தான். விடியுமுன்பே வரிசை. 'ரேஷன் கடைதானே' என்று நானும் ஒருநாள் பையோடு போய் நின்றேன். அங்கே குடும்ப அட்டையும் கிடையாது, இவ்வளவு உண்டு என்ற உறுதியும் கிடையாது. மதியம் சரக்கு தீர்ந்தது என்றார்கள். வரிசை சத்தமே இல்லாமல் கலைந்தது. எங்கள் ஊராக இருந்திருந்தால் சாலை மறியல் நடந்திருக்கும்.

வகுப்பில் பாதி இடம் காலி. ஃபார்ம் 2 என்னும் இரண்டாம் ஆண்டு வகுப்பில் நன்றாகக் கணக்குப் போடும் ஒரு பெண் இரண்டு வாரமாக வரவில்லை. நான் வருகைப் பதிவில் கறாராகச் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியர் அதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. "கன்யு" என்று ஒரு சொல் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கன்யு என்பது அடுத்தவர் வயலில் துண்டு துண்டாகச் செய்யும் கூலி வேலை. இத்தனை பாருக்கு, அதாவது விதைக்க உயர்த்திய மண்வரிசைக்கு, களை எடுத்தால் இவ்வளவு மாவு, அல்லது இவ்வளவு காசு. பசிக்காலத்தில் ஏழை வீடுகளின் உயிர்க்கயிறு அது. கயிறு இறுக்கவும் செய்யும்: அடுத்தவர் வயலில் களை எடுக்கும் நாட்களில் சொந்த வயலில் களை மண்டுகிறது, அந்த வருட மகசூலும் குறைகிறது, அடுத்த ஜனவரியில் மறுபடி கன்யு.

எனக்கு அந்தச் சொல் கேட்டதுமே உடம்பு கூசியது. என் தாத்தா பண்ணையத்தில் ஆளாக இருந்தவர். களத்துமேட்டில் துண்டை விரித்து ராகிக் கூலி வாங்கிய கதையை அம்மாயி சொல்லிச் சொல்லி வளர்ந்தவள் நான். தானியத்தைக் காட்டி வேலை வாங்குவது என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான். இங்கே நான் பண்ணைக்காரியாகவும் இருக்கமாட்டேன், கடைக்கார ம்வென்யேயாகவும் இருக்கமாட்டேன். சரி, என்ன செய்வது? 50 கிலோ மக்காச்சோள மூட்டை இரண்டு வாங்கி வைத்துக்கொண்டு, கேட்டு வந்தவர்களுக்குச் சும்மா அள்ளிக் கொடுத்தேன்.

நாட்குறிப்பில் ஜனவரி 12ஆம் தேதி 'இன்று மூன்று பேர்' என்று இருக்கிறது. ஐந்து நாள் கழித்து 'பதினேழு'. அதற்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். காலை ஐந்து மணிக்கே வாசலில் 'ஓடி, ஓடி'. இருபதாம் தேதிக்குள் இரண்டு மூட்டையும் காலி. பிறகு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பினேன். அவர்கள் கோபப்படவில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. கடைசியில் பள்ளிவிட்டு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, விளக்கேற்றாமல், வீட்டில் ஆள் இல்லாத மாதிரி உட்கார ஆரம்பித்தேன். இரவில் அழுகை. அமைப்புக்கு 'திரும்பிப் போகிறேன்' என்று ஒரு கடிதம் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தேன்.

இதில் நான் கவனிக்காத ஒன்று உண்டு. என்னிடம் முதலில் வாங்கிக்கொண்டு போனவர்கள் அதற்கப்புறம் என் வீட்டு வழியாக நடப்பதையே நிறுத்தியிருந்தார்கள். அமாயியும் வரவில்லை.

அமாயி சொன்னது

பிப்ரவரி முதல் வாரம் எனக்கு மலேரியா. தலைமையாசிரியர் தன் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார். மூன்று நாளில் ஆறு வேளை மாத்திரை. படுத்திருந்தபோது அமாயி வந்தார். கூடவே நான்கைந்து பெண்கள். பாயில் உட்கார்ந்தார்கள், அதிகம் பேசவில்லை, ஒரு மணி நேரம் கழித்து எழுந்து போனார்கள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அமாயி மட்டும் பின்தங்கினார்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த என் பங்கு நிலத்தைக் காட்டினார். பள்ளி வீட்டில் குடியிருக்கும் ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு துண்டு நிலம் உண்டு. நவம்பரில் அவர் "எப்போது பார் கட்டப் போகிறீர்கள்" என்று கேட்டபோது, நான் விவசாயம் பார்க்க வரவில்லை என்று சொல்லியிருந்தேன். இப்போது இடுப்புயரக் களை.

"ஊரில் பசியாக இருக்கிறார்கள். உங்கள் நிலம் இப்படிக் கிடக்கிறது. நீங்கள் வேலை கொடுக்காமல் சோளத்தைக் கொடுத்தீர்கள்" என்றார். "வேலை செய்து வாங்கினால் வாங்கியவர் வீட்டுக்குப் போய்ச் சமைப்பார். சும்மா வாங்கியவர் திருப்பிக் கொடுக்க என்ன வைத்திருக்கிறார்? உங்களைப் பார்த்தால் எப்படி முகம் கொடுப்பார்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. இதைத்தானே பண்ணைக்காரர்களும் சொன்னார்கள்! என் தாத்தா கதையைச் சிச்சேவாவில் சொல்லிப் பார்த்தேன். சொல் கிடைக்காமல் பாதி ஆங்கிலத்தில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "அந்தப் பண்ணைக்காரர் உங்கள் தாத்தா வீட்டில் வேலை செய்திருக்கிறாரா?"

இல்லையே, எப்படிச் செய்வார்?

"நான் என் தங்கை வயலில் கன்யு செய்திருக்கிறேன். அவள் என் வயலில் செய்திருக்கிறாள். யாரிடம் சோளம் இருக்கிறதோ அவர் கொடுப்பார்."

இதை வைத்துக் கன்யு புனிதமானது என்று நான் சொல்லவரவில்லை. வசதியானவர்கள் அடிமாட்டு விலைக்கு உழைப்பை வாங்கிக்கொள்ளும் கதைகளும் அதே ஊரில் கேட்டேன். ஆனால் எனக்கு ஒரே நிறத்தில் தெரிந்த சொல்லுக்கு அங்கே நான்கைந்து நிறங்கள் இருந்தன. நான் பிறப்பால் கூலி வாங்குபவர், பிறப்பால் கூலி கொடுப்பவர் என்று பிரிந்த ஊரிலிருந்து வந்தவள். அந்தக் கோட்டை அங்கேயும் நானே போட்டு, அதில் நல்ல பக்கம் நிற்க முயன்றிருக்கிறேன்.

ஏற்பாட்டை அமாயியே செய்தார். காலையில் அவரவர் வயல், பிற்பகலில் மட்டும் என் நிலம். ஒரு வீட்டுக்கு ஓர் ஆள், முறை வைத்து. சோளம் விதைக்கக் காலம் கடந்துவிட்டதால் சர்க்கரைவள்ளிக் கொடி நட்டோம். நானும் மண்வெட்டி எடுத்தேன், அது அவர்களுக்கு இன்னொரு பெரிய சிரிப்பு. முடியாத முதியவர்கள் இருவருக்கு என்ன செய்வது என்று கேட்டேன். அது ஊர்த்தலைவர் வழியாகப் போக வேண்டியது, நேராகக் கொடுக்கக் கூடாது என்றார். அப்படியே செய்தேன்.

வகுப்புக்கு வராத பெண்ணின் கதையும் அமாயியால்தான் நகர்ந்தது. அவள் அப்பாவை இரண்டு முறை போய்ப் பார்த்திருந்தேன். சரி சரி என்றார், ஒன்றும் நடக்கவில்லை. சேவா மக்களிடம் தாய்வழி மரபு. பல குடும்பங்களில் கணவன்தான் மனைவியின் ஊருக்கு வந்து குடியிருப்பவர், பிள்ளைகள் விஷயத்தில் கடைசிச் சொல் தாயின் சகோதரனுடையது. தாய்மாமனை விட்டுவிட்டு அப்பாவிடம் போயிருக்கிறேன், அதுவும் ஒரு தமிழச்சி! ஆனால் இங்கேயும் ஜாக்கிரதை. நம்ம தாய்மாமன் சீர் கொண்டுவருபவர். அவர்களுடைய மாமன் அந்த வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பொறுப்பாளி, அதிகாரி. போய்ப் பேசினேன். ஒரு வாரத்தில் பெண் வகுப்புக்கு வந்தாள், ஜூனியர் சர்டிபிகேட் தேர்வும் எழுதினாள். இன்னும் இரண்டு பேர் வரவே இல்லை.

புத்தகங்கள் சொல்வதும் சொல்லாததும்

பண்பாட்டு அதிர்ச்சி என்ற கருத்தைப் பரப்பியவர் மானுடவியலாளர் கலேர்வோ ஓபெர்க். 1954இல் ரியோ டி ஜெனிரோவில் வெளிநாட்டவருக்கு ஆற்றிய உரையில், தேனிலவு, வெறுப்பு, மெல்லத் தேறுதல், ஏற்பு என்று படிகளைச் சொன்னார். அடுத்த ஆண்டு நார்வேயின் ஸ்வெரெ லிஸ்கார்ட், அமெரிக்காவில் இருந்து திரும்பிய சுமார் 200 நார்வேக்காரர்களை ஆராய்ந்து, ஆறு மாதத்துக்குக் குறைவாகவோ பதினெட்டு மாதத்துக்கு மேலாகவோ இருந்தவர்களைவிட இடைப்பட்ட காலம் இருந்தவர்கள் குறைவாகப் பொருந்தியிருந்தார்கள் என்றார். இதிலிருந்து வந்ததுதான் பயிற்சிகளில் பலகையில் வரையும் அந்த 'யு' வளைவு. பின்னாளில் வந்த ஆய்வுகள் பலவற்றில் வளைவு அப்படிச் சரியாக விழவில்லை.

என் நாட்குறிப்பு வளைவுக்கு ஓரளவு பொருந்தும்: ஐந்தாம் மாதம் அடிமட்டம். ஆனால் வளைவு எப்போது என்று சொல்கிறதே தவிர ஏன் என்று சொல்வதில்லை. ஜனவரி எனக்கு ஐந்தாம் மாதம் என்பதைவிட, ஊருக்கே அது பசி மாதம் என்பதுதான் காரணம். நான் மார்ச்சில் வந்து இறங்கியிருந்தால் அறுவடையைப் பார்த்து மயங்கி, பத்தாம் மாதத்தில் விழுந்திருப்பேன். தன்னார்வலரின் மனநிலையை அவர் வந்த தேதியை வைத்து அளப்பவர்கள், அந்த ஊரின் குதிர் எந்த மாதம் காலியாகும் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

தூரம் அதிகமானால் அதிர்ச்சியும் அதிகம் என்ற பொது நம்பிக்கைக்கும் ஒரு மறுப்பு இருக்கிறது, அது வணிக உலகிலிருந்து. 1996இல் ஓ'கிரேடி, லேன் என்ற இருவர், அமெரிக்காவில் கடை திறந்த கனடிய நிறுவனங்கள் பல ஏன் தோற்றன என்று ஆராய்ந்தார்கள். பக்கத்து நாடு, ஒரே மொழி, நம்மைப் போலத்தான் என்று நினைத்ததால் கற்றுக்கொள்ளாமல் விட்டார்கள் என்பது பதில்களில் ஒன்று. களியும் ந்சிமாவும் நினைவுக்கு வந்தன. என்னோடு பயிற்சிக்கு வந்த ஐரோப்பியப் பெண் முதல் மாதம் முழுக்க எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். ஜனவரிக்குள் அவளுக்குக் கன்யு பற்றி என்னைவிட அதிகம் தெரிந்திருந்தது.

ஜூன்

கிழங்கு நன்றாக விழுந்தது. தோண்டுவதும் கன்யுதான், கூலி கிழங்கிலேயே. அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு.

முந்தின இரவு அம்மாயியிடம் போனில் கேட்டிருந்தேன், தாத்தாவுக்கு என்ன கூலி அளந்தார்கள் என்று. "வள்ளத்துல போட்டு, மேல கையால வழிச்சு எடுத்துருவாங்க கண்ணு. தலை தட்டித்தான் தருவாங்க. கோபுரமா அளந்து ஒரு நாளும் பாத்ததில்ல" என்றார்.

மறுநாள் தட்டில் கிழங்கைக் குவித்து வைத்தேன். கோபுரமாக. அமாயி வாங்கிக் கூடையில் கொட்டிக்கொண்டார். ஆனால் நகரவில்லை, கூடையை நீட்டியபடியே நின்றார்.

"பசேலா?" என்றார்.

சந்தையில் தக்காளி வாங்கினால் மேலே ஒன்று கேட்பார்களே, அந்தக் கொசுறு. சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு கிழங்கைப் போட்டேன். ஒன்றைத் திருப்பி என் தட்டில் வைத்துவிட்டுப் போனார்.